தண்ணீர் கேட்காத பேட்டரி

மாமா,

போன சனிக்கிழமை மூத்தவளையும் இளையவளையும் வீட்டை விட்டு அனுப்பிவிட்டேன். மூன்று நாளாகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறேன், அவர்கள் வாசனை போக மாட்டேன் என்கிறது. நெல்லிக்காயைக் கடித்த வாயில் துருப்பிடித்த ஆணியையும் போட்டுச் சப்பினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு புளிப்பு. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் உங்கள் கடை வாசலில் நிற்கிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மூன்றாவது வகுப்போடு தீர்ந்துபோனது உங்களுக்குத் தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் அந்த ஒற்றைக் கண்ணால் பார்த்து மன்னித்துக்கொள்ளுங்கள்.

பாருங்கள், உட்கார்ந்து நாலு வரி எழுதுவதற்குள் அந்தக் கேலி வந்துவிட்டது. பத்து வருசமாக உங்கள் முகத்துக்கு நேராகச் செய்த கேலி. நீங்களும் சிரித்தீர்கள். இந்தக் கடிதம் அந்தச் சிரிப்பைப் பற்றியதுதான்.

இதை வேறு யாராவது எடுத்துப் படித்தால் என்னை இரண்டு பெண்டாட்டிக்காரன் என்று நினைத்துவிடுவார்கள். மூத்தவள், இளையவள் என்பது ஆஸ்பத்திரி வண்டியில் கட்டிலுக்கு அடியில் இருந்த இரண்டு பேட்டரிகள். எஞ்சினுக்கு இருப்பது வேறு. இவை விளக்குக்கும் தண்ணீர்க் குழாய்க்கும். எமர்ஜென்சிக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் வைத்த அந்த வண்டியைத் தரை வழியாகவே தங்கள் ஊரிலிருந்து கொடைக்கானலுக்கு ஓட்டி வந்தார்கள். ஒரு குளிர்காலம் இருந்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது விமானத்தில் போனார்கள். வண்டியை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் தூங்கிய கட்டிலில் பூண்டியிலும் மன்னவனூரிலும் பிள்ளைத்தாய்ச்சிகளைப் படுக்க வைத்து டாக்டரம்மா சோதித்தார். நான் டிரைவர்.

வண்டி கைக்கு வந்த முதல் வாரமே விளக்கு மங்கியது. பஜாரில் உங்கள் பேட்டரி கடைக்கு வந்தேன். என்னை முன்னே பின்னே பார்த்ததில்லை. "என்ன மாப்ளே, எதைத் தூக்கிட்டு வந்திருக்க?" என்றீர்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "மாப்ளேன்னு சொல்லிட்டீங்க, பொண்ணு எங்க மாமா?" என்றேன். நீங்கள் இரண்டு பேட்டரிகளையும் கையால் காட்டி, "இந்தா ரெண்டு இருக்குல்ல, கட்டிக்க" என்றீர்கள். "ரெண்டு கட்டுனா எங்க சாமியார் கோயிலுக்குள்ள விடமாட்டாரே" என்றேன். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் மாதா கோயில், நீங்கள் பள்ளிவாசல், ஆனாலும் மாமன் மாப்பிள்ளை. மூன்று நாலு வருசத்துக்கு ஒருமுறை பேட்டரி மாறியது. பெயர் மட்டும் மாறவில்லை. புதிதாக வருகிறவளும் மூத்தவள்தான்.

சனிக்கிழமை ஆனால் நான் உங்கள் கடையில் இருப்பேன். பன்னிரண்டு மூடிகளையும் வரிசையாகத் திருகி எடுப்பீர்கள். கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு ஆசிட்டை உறிஞ்சி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மிதக்கிற முள்ளைப் பார்ப்பீர்கள். குறைந்திருந்தால், "மூத்தவளுக்குத் தாகம்" என்று காய்ச்சி இறக்கிய தண்ணீரைப் பாட்டிலில் இருந்து ஊற்றுவீர்கள். முனையில் பூத்திருக்கும் வெள்ளை உப்பின் மேல் உங்கள் வீட்டுக்கார அக்காவின் ஆப்பசோடாவைக் கரைத்து விட்டுவிட்டு, அது நுரைத்துப் பொங்குவதைச் சின்னப்பிள்ளை மாதிரி பார்ப்பீர்கள். அக்கா வீட்டிலிருந்து ஆள்விட்டு டப்பாவைக் கேட்பார். "மனுசன் மாதிரி இல்ல மாப்ளே பேட்டரி. தண்ணி கம்மின்னா கம்மின்னு காட்டிரும்" என்பீர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வீர்கள். நானும் ஒவ்வொரு சனிக்கிழமையும், "அப்ப எனக்கும் அந்தக் குழாயை விட்டுப் பாருங்க" என்பேன்.

மற்ற வண்டிக்காரர்களுக்கு நீங்கள் ஒரு சட்டம் வைத்திருந்தீர்கள். பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் ஒரு டீ குடிக்கிற நேரம் காத்தாட விடவேண்டும். சார்ஜ் ஏறும்போது பேட்டரி விடுகிற ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆனால் ஒரு பொறி போதும் என்பீர்கள். எங்கள் வண்டிக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. அந்த வெள்ளைக்காரன் பேட்டரிப் பெட்டியிலிருந்து வண்டிக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய் விட்டு, பக்கத்தில் ஓட்டை போட்டு வைத்திருந்தான். ஆவி தானாகப் போய்விடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது குனிந்து, விரலை விட்டுப் பார்த்து, "இவன்ல மனுசன்! இந்த வண்டிக்குக் காத்தாட விட வேண்டியதில்ல மாப்ளே, அது மூச்சு விட்டுக்கிட்டே இருக்கு" என்று சொன்னீர்கள். அந்த ஓட்டையை நம்பித்தான் எங்கள் வண்டிப் பெட்டிக்குள் திறந்த உடனே கையை விட்டீர்கள்.

மார்கழியில் மன்னவனூரில் தங்கினால் நான் வண்டிக் கட்டிலில்தான் படுப்பேன். புல்லில் உறைபனி உப்பு மாதிரி கிடக்கும். அந்த ஓட்டை வழியாக வருகிற காற்று பெட்டியின் இடுக்கில் ஏறி, நேரே என் இடுப்பில் குத்தும். ஒரு தடவை தாங்க முடியாமல் கோணிச்சாக்கில் ஒரு துண்டைக் கிழித்து, சுருட்டி, ஓட்டையில் வைத்து இறுக்கி அடைத்தேன். காலையில் எடுக்க மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் கை போகிறது. மறக்கவில்லை மாமா. நாளைக்கும் குளிரத்தானே போகிறது என்று விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் பூண்டி. வண்டியில் நீங்களும் இருந்தீர்கள். விளக்கு அடிக்கடி மங்குகிறது, எங்கே இழப்பு என்று ஓடுகிற வண்டியிலேயே பார்த்துவிடுகிறேன் என்றீர்கள். அக்காவுக்கு மலைப்பூண்டும் வாங்கவேண்டும். வழியெல்லாம் ஏற்றம். எஞ்சின் ஓட ஓட இரண்டு பேட்டரிக்கும் சார்ஜ் ஏறிக்கொண்டே வந்தது. ஊர் போய்ச் சேர்ந்து, மத்தியானச் சோறு முடிந்து, மூன்று மணி இருக்கும், மூடுபனி இறங்கியது. எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. அரிவாள் பட்டு உள்ளங்கை பிளந்த ஒரு பெண்ணை வாசல் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்து டாக்டரம்மா தையல் போட்டுக்கொண்டிருந்தார். பாதித் தையலில் விளக்கு மங்கியது.

"கிளிப்பு லூசு, வேறொண்ணுமில்ல. வெரசா முடிச்சிருவேன்" என்று சொல்லி, கட்டில் பலகையைத் தூக்கினீர்கள். பெட்டியைத் திறந்தீர்கள். காத்தாட விடவில்லை. எதற்கு விடவேண்டும்? ஓட்டை இருக்கிறதே. நான் பின்னால் நின்று, "மூத்தவ கோவிச்சுக்கிட்டா போல, பொடவ எடுத்துத் தரணுமோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்பேனர் முனையில் ஒரு பொறி தெரிந்தது. அப்புறம் சத்தம்.

டாக்டரம்மா மேலோ அந்தப் பெண் மேலோ ஒரு சொட்டு விழவில்லை. மொத்தத்தையும் உங்கள் முகம் வாங்கிக்கொண்டது. தண்ணீர், தண்ணீர் என்று டாக்டரம்மா கத்தினார். தொட்டிக் குழாயைத் திறந்தேன். வரவில்லை. திருப்பித் திருப்பித் திறக்கிறேன், வரவில்லை. குழாய்க்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் ஓடுவது அந்தப் பேட்டரியில்தானே. அது புத்திக்கு எட்டவே எனக்கு நேரமாயிற்று. நீங்கள் மூத்தவளுக்காகக் கொண்டுவந்திருந்த இரண்டு பாட்டில் தண்ணீரையும் உங்கள் கண்ணில் ஊற்றினேன். அது பத்துமா? கையைப் பிடித்துச் சரிவில் இறக்கி ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெண்கள் கேரட் அலசிக்கொண்டிருந்தார்கள். பதறி விலகினார்கள். உங்கள் தலையைப் பிடித்து அந்த ஐஸ் தண்ணீரில் அமுக்கி அமுக்கி எடுத்தேன். சுற்றிக் கேரட் மிதக்கிறது. உடம்பு கிடந்து நடுங்குகிறது. அந்த நிலையிலும் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னீர்கள்: "கண்ணுக்குக் கேரட்டு நல்லதும்பாக மாப்ளே."

நான் அப்போதும் சிரித்தேன். அழுகைதான், வாய்க்குப் பழக்கமான வழியில் வெளியே வந்தது.

உங்களை டாக்டரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வண்டியை எடுக்க வந்தேன். எடுப்பதற்கு முன்னால் பக்கத்தில் குனிந்து, சாக்குத் துண்டை உருவிச் சரிவில் எறிந்தேன். யாரும் பார்க்கவில்லை. மூடுபனியில் எனக்கே என் கை தெரியவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்த்த நாலாவது நாள் வந்து பார்த்தேன். இரண்டு கண்ணிலும் கட்டு. காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். அக்கா டீ வாங்கப் போகும்வரை பேசாமல் இருந்தீர்கள். அப்புறம் கையை நீட்டி என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தீர்கள்.

"ஒண்ணு கேக்கணும் மாப்ளே. அந்த ஓட்டை அடைஞ்சு கெடந்துச்சா?"

நல்லவேளை கண்ணில் கட்டு இருக்கிறது என்று நினைத்தேன் மாமா. அந்த நினைப்புக்கு எனக்கு எந்தக் கோயிலில் மன்னிப்பு?

"இல்ல மாமா. தொறந்துதான் கெடந்துச்சு."

பிடித்த கையை விட்டீர்கள். கோபத்தில் இல்லை, களைத்துப்போய். "அப்ப என் தப்புதான்" என்றீர்கள். "இத்தன வருசச் சோலி. காத்தாட விட்டிருக்கணும்."

வேலை போய்விடும் என்று பயந்தேன். வீட்டில் மூன்று பிள்ளைகள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அடுத்த வருசம் சொல்லியிருக்கலாமே? அதற்கடுத்த வருசம்? சொல்லாத ஒவ்வொரு வருசமும் முந்தின வருசத்தைவிடக் கனமாகிவிடுகிறது, தூக்கவே ஆகவில்லை.

இடது கண் தப்பித்தது. கடையை மறுபடி திறந்தீர்கள். கண்ணாடிக் குழாயை மூக்குக்கு ஒட்டி வைத்து முள்ளைப் பார்த்தீர்கள். அதுகூடப் பழகிவிட்டது. எனக்குப் பழகாதது வேறொன்று. புதிதாக எந்த டிரைவர் வந்தாலும் முதலில் அந்த வெள்ளை விழுந்த வலது கண்ணைக் காட்டுவீர்கள். "அவசரப்பட்டேன். தொழில் தெரிஞ்ச திமிரு. நீங்க இதைச் செஞ்சிராதீக" என்று பாடம் மாதிரி சொல்வீர்கள். நான் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் என்னைப் பார்த்துவிடுவார்களோ என்று, "மாமா ஊரு மேல ஒரு கண்ணு, என் மேல ஒரு கண்ணு வச்சிருந்தாரு, என் மேல வச்சதுதான் கெட்டுப்போச்சு" என்று ஒரு கேலியைப் போடுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக நீங்கள் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்புக்குள் ஒளிந்துகொண்டு பத்து வருசம் ஓட்டிவிட்டேன்.

போன ஆடியில், சாரல் விடாமல் அடித்த வாரத்தில், கடை நாற்காலியில் உட்கார்ந்த மேனிக்கே போய்விட்டீர்கள். நான் அப்போது மன்னவனூரில். வந்து சேர்ந்தபோது குழிக்கு மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஆட்கள் வழிவிட்டார்கள். மூன்று பிடி போடச் சொன்னார்கள். போட்டேன். மூன்று பிடிக்குள் சொல்லிவிடலாம் என்று குனிந்தேன். மழையில் மண் கையோடு ஒட்டிக்கொண்டது, வார்த்தையும் அப்படியே.

இப்போது புது பேட்டரிக் கதைக்கு வருகிறேன். டாக்டரம்மாவுக்குத் தெரிந்த யாரோ வெளிநாட்டிலிருந்து கப்பலில் மரப்பெட்டி போட்டு இரண்டு அனுப்பினார்கள். திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், மூடியே இல்லை. அட்டையில் போட்டிருந்ததை டாக்டரம்மா வாசித்துச் சொன்னார். உள்ளே கண்ணாடி நூலில் செய்த மெத்தை மாதிரி ஒன்று ஆசிட்டைக் குடித்து வைத்துக்கொண்டிருக்கிறதாம். கவிழ்த்தாலும் சிந்தாது. ஆயுசுக்கும் தண்ணீர் கேட்காது. ஆவியும் வெளியே விடாதாம். சார்ஜை மட்டும் அளவோடு ஏற்ற வேண்டும். அளவு மீறி ஏறிக் கெட்டால் நம்ம பேட்டரி மாதிரி திறந்து பார்த்துச் சரிசெய்ய வழியில்லை. இதைக் கேட்டதும் நான் டாக்டரம்மாவிடம், "இது நம்ம ஜாதிதான், வாயே தொறக்காது" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

பழையவர்களை வெளியே எடுத்தேன். பெட்டியின் அடியில் படிந்திருந்த உப்பை ஆப்பசோடா கரைத்து ஊற்றிக் கழுவினேன். பொங்கி அடங்கும்வரை நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். துடைத்துக் காயவைத்து, புதுசுகளை உட்கார வைத்து, பட்டையை இறுக்கினேன். மாட்டும் முன்னால் ஒரு டீ குடிக்கிற நேரம் காத்தாட விட்டேன். ஆவி விடாத பேட்டரிக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். விட்டேன். விளக்கு பால் மாதிரி எரிந்தது. டாக்டரம்மாவுக்குச் சந்தோசம். "இனிமே அந்த ஓட்டை எதுக்கு? வெறும் குளிர்தான் வருது. ஒரு தகரம் வச்சு அடைச்சிரு" என்றார்.

சரி என்று தலையாட்ட எனக்குக் கழுத்து வரவில்லை.

பழைய இரண்டையும் உங்கள் கடைக்குக் கொண்டுபோனேன். இப்போது உங்கள் அண்ணன் மகன்தான் உட்காருகிறார். இரண்டு ஜீப் டிரைவர்கள் நின்றார்கள். ஒருவர் மூத்தவளைக் காலால் தட்டி, "பாய் பெரிய கைகாரருதான். ஆனாலும் அவசரக்காரரு. அதான் கண்ணு போச்சு" என்றார். நீங்கள் சொல்லிக் கொடுத்த பாடம் மாமா. நீங்கள் போன பிறகும் அது நிற்கிறது, உங்கள் பேரில்.

"அவரு அவசரப்படல. ஓட்டைய அடைச்சது நான். சாக்கு வச்சு அடைச்சேன்" என்றேன்.

ஒரு நிமிசம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள். "ஆமா, கொடைக்கானல் ஏரிக்கு அடைப்பு வச்சதும் நீதான்ல" என்று முதுகில் தட்டினார் அந்த டிரைவர். சத்தியமாக என்றேன். இன்னும் சிரித்தார்கள். வாழ்நாளெல்லாம் கேலி பேசியவன் நிஜத்தைச் சொன்னால் எவன் நம்புவான்? உங்கள் நாற்காலியைப் பார்த்தேன். நீங்கள் இருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள் என்று தோன்றியது.

மறுநாள் பூசை முடிந்த கையோடு அக்காவிடம் போனேன். எப்போதும் போல "வாங்க தம்பி" என்று பலகையைப் போட்டார். உட்காரவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். குளிர், சாக்கு, ஓடை வரைக்கும். ஒரு கேலி இல்லாமல் நான் இவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. முடித்த பிறகு அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஓட்டையப் பத்தி அவுக ஒங்கிட்டக் கேட்டாகளா?"

"கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"தொறந்துதான் கெடந்துச்சுன்னேன்."

அக்கா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "கண்ணு போனதுக்கு அவுக ஒரு நாளும் வெசனப்படல தம்பி" என்றார். "கை தப்பிப்போச்சே, கை தப்பிப்போச்சேன்னு அதத்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்தாக. வெள்ளனே எந்திரிச்சு ஒக்காந்து கையவே பாத்துக்கிட்டு இருப்பாக."

அவ்வளவுதான். வையவில்லை. போ என்று சொல்லவும் இல்லை. எழுந்து உள்ளே போனார். அந்த வீட்டுக்கு நான் வர ஆரம்பித்த நாளிலிருந்து டீ குடிக்காமல் திரும்பியது அன்றுதான். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நடந்து வந்துவிட்டேன்.

நேற்று மன்னவனூர் போனோம். வேலை முடிந்து மத்தியானம் கட்டிலில் கொஞ்சம் சாய்ந்தேன். அடியில் புது பேட்டரிகள் இரண்டும் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தன. இனிமேல் சனிக்கிழமைகளில் எனக்கு எங்கேயும் போகிற சோலி இல்லை. எவளுக்கும் தாகம் எடுக்காது. உங்கள் கடையிலிருந்து அன்றைக்கு நான் கேட்காமல் எடுத்து வந்தது ஒன்று உண்டு, மூத்தவளின் ஆறு மூடிகள். சட்டைப் பையில் கிடக்கின்றன. நடந்தால் லொடலொடக்கின்றன. என்ன அது, கோலிக்குண்டா என்று டாக்டரம்மா கேட்டார். பல் செட்டு என்றேன்.

தகரம் ஏன் அடிக்கவில்லை என்றும் கேட்டார். கரப்பான் பூச்சி வரப் போக வழி வேண்டாமா டாக்டரம்மா என்றேன். சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

காற்று பழைய இடத்திலேயே, இடுப்பில் வந்து குத்துகிறது. வயசாகிவிட்டதில்லையா, முன்னைவிட ஆழமாக இறங்குகிறது. போர்வையை அந்தப் பக்கம் இழுக்காமல் படுத்திருந்தேன். நீங்கள் என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக் கேட்டது அப்போதும் காதில் விழுந்தது. பதில் சொன்னேன், வாய்விட்டே சொன்னேன், வண்டியில் வேறு யாரும் இல்லை.

தொறந்துதான் கெடக்கு, மாமா.